எத்தனை இஞ்ச் என்று கேட்பதற்கு முன்னால்: வீட்டு ஹாலுக்கு எந்த சப்வூஃபர்?

சப்வூஃபர், அதாவது ஆழமான பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி, வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை இஞ்ச்?’ என்பதுதான். உள்ளே அதிரும் கூம்பின், அதாவது கோனின், குறுக்களவு அது. கடைக்காரரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். 8 இஞ்ச் ஒரு விலை, 10 ஒரு விலை, 12 ஒரு விலை என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். கையில் இருக்கிற காசுக்கு எது பெரியதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்து, டிவிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் மூலையில் வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ‘பேஸ் ஒரே இரைச்சலா இருக்கு, வேற கம்பெனி மாத்திடலாமா?’ என்று வந்து நிற்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் கம்பெனி மேல் தப்பு இருக்காது.

என்னைக் கேட்டால் முதலில் தெரியவேண்டியவை வேறு. பெட்டியை எங்கெங்கே வைக்க முடியும், நீங்கள் எங்கே உட்காருவீர்கள், கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்தப் பெட்டி என்பது பாதி தீர்ந்த மாதிரி.

பேச்சுக்கு ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரியில் நண்பன் வாங்கியிருக்கும் ஃபிளாட், இரண்டாவது மாடி. ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். டிவி 11 அடிச் சுவரில். எதிர்ச் சுவரை ஒட்டி சோஃபா. தரை டைல்ஸ், சுவர் செங்கல், மேலே கான்கிரீட். சென்னையில் பாதிப் பேர் ஹால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஏவி ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி), முன்னால் 5 இஞ்ச் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் சின்னதாக இரண்டு, எல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டான். ‘மச்சான், புள்ளி ஒண்ணு மட்டும்தான்டா பாக்கி’ என்றான். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்பதைச் சொல்லும் 5.1-ல் வருகிற அந்தப் புள்ளி ஒன்று.

முதலில் அறையைப் பார்ப்போம்

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 அதிர்வு என்றால் ஒரு அலையின் நீளம் 17 மீட்டர். இந்த ஹாலின் நீளத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். 80 ஹெர்ட்ஸ் அலைகூட 4.3 மீட்டர் இருக்கிறது. இவ்வளவு நீள அலை ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி நேராகக் காதுக்கு வந்து சேர்கிறது என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, தன்னோடு தானே சேர்ந்தும் கழிந்தும் நிற்கிறது. தொட்டியில் தண்ணீரை ஆட்டிவிட்டால் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் மாறாது. காற்றழுத்தமும் அறைக்குள் அப்படித்தான்: சுவரோரம் உச்சம், நடுவில் ஒன்றுமில்லை.

எந்த ஹெர்ட்ஸில் இந்த ஆட்டம் வரும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். அறையின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதைப் போல் இரண்டு மடங்கால் 343-ஐ வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஹாலில் நீளவாக்கில் சுமார் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 51, உயரவாக்கில் 56. கடைசி இரண்டையும் பாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கிக் டிரம்மின் அடி விழுவதும் அந்த ஐம்பதுகளில்தான். ‘டம்’ என்று நிற்கவேண்டியது ‘டம்ம்ம்ம்’ என்று இழுப்பதற்குக் காரணம் இதுதான். சப் மந்தம், ஃபாஸ்ட்டாக இல்லை என்று திட்டு வாங்குவது பெட்டி, இழுப்பது அறை.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் சப்வூஃபர் ஆலோசனையில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனதில் வைத்தது. அங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்த ஜிப்சம் போர்டு. அது தானும் கொஞ்சம் ஆடி, கீழ் பேஸில் ஒரு பங்கை வாங்கி வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவர் எதையும் வாங்காது, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் கதவைச் சாத்தினால் நம் அறையில் கீழ் பேஸ் தாராளமாகச் சேரும். மேடு பள்ளங்களும் அங்கே இருப்பதைவிடச் செங்குத்தாக இருக்கும். அவர்கள் ‘இந்த அளவு அறைக்கு 15 இஞ்ச் வேண்டும்’ என்பதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஹாலும் டைனிங்கும் சமையலறையும் தடுப்பில்லாமல் ஒன்றாகக் கிடக்கும் வீடாக இருந்தால், சப்புக்கு அது மொத்தமும் ஒரே அறைதான். சோஃபாவைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் அளந்து ‘சின்ன ரூம்’ என்று சொல்லக் கூடாது.

எதிரில் இருக்கும் வழிகள்

சவுண்ட்பாருடன் வரும் சப்பை முதலில் ஒதுக்கிவிடலாம். கெட்டது என்பதற்காக இல்லை. அது அந்தப் பாரோடு மட்டும்தான் பேசும். ரிசீவரில் செருக வழி இருக்காது. பெரும்பாலும் ஆறேழு இஞ்ச் டிரைவர் (கோனும் அதை ஆட்டும் காந்தமும் சேர்ந்த பாகம்), 40 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கையை விரித்துவிடும். பெட்ரூமுக்குப் போதும். ரிசீவர் வைத்திருப்பவருக்கு இது வழியே இல்லை.

அடுத்தது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் வழி: அசெம்பிள் செய்த ஊஃபர் பெட்டி. குறைந்த விலைக்குப் பெரிய கோன் கிடைக்கும், கெட்டுப்போனால் அங்கேயே போர்டு மாற்றிக்கொள்ளலாம். இதை மட்டமாகப் பேசுபவன் நான் இல்லை. கானா பாட்டுக்கும் திருவிழாக் கச்சேரி வீடியோவுக்கும் அது தரும் குதூகலமே தனி. சிக்கல் என்னவென்றால், டிரைவருக்கு ஏற்ற கன அளவு எவ்வளவு, போர்ட் என்கிற காற்றுத் துளை எந்த ஹெர்ட்ஸுக்கு வெட்டியது என்ற கணக்கு பெரும்பாலான பெட்டிகளில் கிடையாது. 60லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை முழங்கும், அதற்குக் கீழே காற்றுதான் வரும். பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் போட்டிருக்கும். பிஎம்பிஓ என்பதற்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை, யாரும் எதையும் அச்சடிக்கலாம். பின்பக்கம் மின்சாரம் எத்தனை வாட் இழுக்கும் என்று சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படியுங்கள், உள்ளே போவதைவிட அதிகமாகத் தொடர்ந்து வெளியே வராது.

கார் ஊஃபர் வாங்கி, ஆசாரியிடம் 18 மில்லி பிளைவுட்டில் பெட்டி அடித்து, தனி ஆம்ப் போடுகிறவர்களும் உண்டு. கணக்குத் தெரிந்து செய்தால் நன்றாகவே வரும். வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் டிரைவரின் அளவுகளைப் போட்டால் எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்று சொல்லிவிடும். ஆனால் கார் ஊஃபர் காருக்குள் இருக்கும் சின்ன இடத்தை நம்பிச் செய்தது. அங்கே கீழ் பேஸைக் கேபினே தூக்கிக் கொடுக்கும். ஹாலுக்கு வந்தால் அந்த உதவி பாதிகூடக் கிடைக்காது. செய்து பார்க்கும் ஆசை இருப்பவருக்கு மட்டும் இந்த வழி.

இனி மீதி இருப்பது, கம்பெனி செய்த ஆக்டிவ் சப்: ஆம்ப் உள்ளேயே இருக்கும், ரிசீவரிலிருந்து ஒற்றை ஆர்சிஏ கேபிள் போதும். நிஜமான ஒப்பீடு இங்கேதான். அதற்கு முன், இஞ்ச் எவ்வளவு ஏமாற்றும் என்று பாருங்கள். க்ளிப்ஷ் ஆர்-12எஸ்டபிள்யூ 12 இஞ்ச், போர்ட் வைத்தது. கம்பெனி சொல்லும் கீழ் எல்லை 29 ஹெர்ட்ஸ். எஸ்விஎஸ் பிபி-1000 ப்ரோவும் 12 இஞ்ச், அதுவும் போர்ட் வைத்ததுதான். கம்பெனி சொல்வது 17 ஹெர்ட்ஸ். ஒரே இஞ்ச், ஆனால் இரண்டும் வேறு வேறு சாதனம். ஒரே ஒலியளவில் ஒரு ஆக்டேவ் கீழே இறங்க, அதாவது 40லிருந்து 20 ஹெர்ட்ஸுக்குப் போக, நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். கீழே போகப் போக விலை எகிறுவதற்கு இதுதான் காரணம்.

மூடியதா, துளை வைத்ததா

சீல்டு, போர்ட்டட் என்று இரண்டு சாதி. ஒப்பிட வசதியாக எஸ்விஎஸ்ஸே எஸ்பி-1000 ப்ரோ, பிபி-1000 ப்ரோ என்று ஒரு ஜோடியைச் செய்கிறது. இரண்டிலும் 12 இஞ்ச், இரண்டிலும் 325 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். முதலாவது மூடிய பெட்டி, பக்கத்துக்குப் பக்கம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல், சுமார் 12 கிலோ. இரண்டாவது துளை வைத்தது, இடம் இரண்டு மடங்குக்கும் மேல் அடைக்கும், சுமார் 20 கிலோ.

துளை வைத்த பெட்டியில், போர்ட்டுக்குள் இருக்கும் காற்றும் டிரைவரோடு சேர்ந்து வேலை செய்கிறது. போர்ட்டை டியூன் செய்த ஹெர்ட்ஸைச் சுற்றி அதே வாட்டுக்கு அதிக சத்தம், கோனுக்கு அலைச்சல் குறைவு. அதற்குக் கீழே போனால் டிரைவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சரிந்துவிடும். மூடிய பெட்டி சீக்கிரமே இறங்கத் தொடங்கும், ஆனால் 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும். கதவு சாத்திய செங்கல் அறை கீழே தூக்கிக் கொடுக்கும் பேஸ் இந்தச் சரிவை ஓரளவு நிரப்பிவிடும். நம் ஊர் அறைகளில் மூடிய பெட்டி, காகிதத்தில் தெரிவதைவிட நன்றாக ஒலிப்பதன் ரகசியம் இது.

சரி, 20 ஹெர்ட்ஸ் உங்களுக்கு வேண்டுமா? இங்கேதான் கீழ்வீட்டுக்காரர் வருகிறார். சினிமா ஒலியில் ஆழமான பேஸுக்கென்றே எல்எஃப்இ என்று தனிச் சேனல் இருக்கிறது. ரிசீவரை அளந்து செட் செய்தபின் வால்யூம் 0-ல் வைத்தால் அந்தச் சேனல் உச்சத்தில் 115 டெசிபல் வரை போகும். ஃபிளாட்டில் யாரும் 0-ல் படம் பார்ப்பதில்லை. மைனஸ் 25-ல் பார்த்தால் உச்சம் 90. ராத்திரி பத்து மணிக்கு மேல் மைனஸ் 35 என்றால் 80. இப்போது காதின் கணக்கு: 20 ஹெர்ட்ஸ் காதில் விழவே கிட்டத்தட்ட 78 டெசிபல் வேண்டும். ராத்திரிக் காட்சியில் அந்த ஆழமான உறுமல் அறையில் இருந்தாலும் காதுக்கு எட்டுவது சந்தேகம்தான். ரிசீவரில் டைனமிக் ஈக்யூ மாதிரி ஏதாவது இருந்தால் குறைந்த வால்யூமில் பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்; ஆனாலும் 20 கிலோ பெட்டிக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு பகலில்தான் வேலை செய்யும், அதுவும் கீழ்வீட்டில் ஆள் இல்லாத பகலில்.

பாட்டுக்கு இவ்வளவு ஆழம் தேவையே இல்லை. பேஸ் கிட்டாரின் ஆகக் கீழான தந்தி 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டில் அந்த பேஸ் கிட்டார் நடைபோடுவதைக் கேட்க, 35 வரை சுத்தமாக இறங்கும் சப் போதும்.

ஆகவே வேளச்சேரி ஹாலுக்கு என் ஓட்டு மூடிய 12 இஞ்ச்சுக்கு. தனி வீடு, மாடியில் படத்துக்கென்றே ஒதுக்கிய அறை, கேட்க ஆளில்லை என்றால் யோசிக்காமல் துளை வைத்ததை எடுங்கள். வெடிச் சத்தத்தில் சோஃபா அதிர்வதற்கு ஈடு கிடையாது. துளை வைத்ததை வாங்கி நுரைப் பஞ்சால் போர்ட்டை அடைத்துக்கொள்ள சில மாடல்களில் வசதி உண்டு, முடிவெடுக்க முடியாதவருக்கு அது நல்ல நடுவழி. போர்ட்டுக்குள் பல்லி குடிபோகாமலும் இருக்கும்.

டிரைவர் முன்பக்கம் பார்க்கிறதா தரையைப் பார்க்கிறதா என்று சிலர் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். இந்த அலைநீளங்களில் கேட்பதற்கு வித்தியாசம் இல்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தரையைப் பார்ப்பது நல்லது, கோனில் விரல் போகாது.

பெரியதாக ஒன்றா, சின்னதாக இரண்டா

ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு 12 இஞ்ச் கோனின் பரப்பு ஏறக்குறைய 480 சதுர சென்டிமீட்டர். ஒரு 10 இஞ்ச் சுமார் 340. இரண்டு 10 வைத்தால் 680. பரப்பில் இரண்டு சின்னது ஜெயிக்கிறது. ஆனால் இரண்டு வைப்பதன் லாபம் சத்தம் இல்லை. அறையின் மேடு பள்ளம் குறைவதுதான்.

ஒலிச் சாதனங்கள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் இதை முறையாக ஆராய்ந்தார். ஒன்றிலிருந்து ஏராளமான சப்கள் வரை வெவ்வேறு இடங்களில் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்ததில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வரும் வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. நாலு மூலைக்கும் நாலு வைத்தாலும் நல்லதுதான், ஆனால் வீட்டில் நாலு பெட்டிக்கு யார் சம்மதிப்பார்கள்? காரணம் எளியது. நீளவாக்கில் நிற்கும் 35 ஹெர்ட்ஸ் அலையை முன் சப் ஒரு பக்கம் தள்ளினால் பின் சப் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, ஆட்டம் அடங்கிவிடும். சுவரின் நடுவில் இருப்பதால் அகலவாக்கு அலையான 51-ஐ இரண்டுமே உசுப்புவதில்லை, அந்த அலைக்கு நடுவிடம் வெற்றிடம். இரண்டையும் டிவிக்குக் கீழே ஜோடியாக வைத்தால் இதில் எதுவும் நடக்காது, சத்தம் மட்டும் 6 டெசிபல் ஏறும்.

தனி ஆளாகப் படம் பார்ப்பவருக்கு ஒன்று போதும், அந்த ஒரு நாற்காலிக்கு அறையைப் பழக்கிவிடலாம். குடும்பமே சோஃபாவிலும் தரையிலுமாக உட்காரும் வீட்டில் இரண்டுதான் நியாயம். இப்போதைக்குக் காசு ஒன்றுக்குத்தான் என்றால் நல்ல ஒன்றை வாங்கிவிட்டு, அடுத்த போனஸில் அதே மாடலில் இன்னொன்று வாங்குவதே என் யோசனை. மூடியதும் துளை வைத்ததுமாகக் கலந்தால் இரண்டின் ஃபேஸும் கீழே ஒத்துப்போகாது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்.

விலை எழுதவில்லை. ஆடித் தள்ளுபடியில் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதாகச் சொன்னால் பின்பக்கத்தில் 230 வோல்ட் போட்டிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 120 வோல்ட் மட்டும் ஏற்கும் சப்பை நம் பிளக்கில் செருகினால் ஆம்ப் அன்றே போய்விடும். வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும்.

இடம் தேடுவது

பெட்டி வந்து இறங்கியதும் மூலையில் வைக்கக் கை பரபரக்கும். மூலையில் தரை, இரண்டு சுவர் என்று மூன்று பரப்பும் சேர்ந்து சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், உண்மை. ஆனால் அறையின் எல்லா அலைகளையும் ஒன்று விடாமல் உசுப்புவதும் அந்த மூலைதான்.

பழைய முறை ஒன்று இருக்கிறது, இன்றும் அதைவிட மலிவானது கிடையாது. சப்பை நீங்கள் உட்காரும் இடத்திலேயே, சோஃபாவின் மேல் தூக்கி வையுங்கள். 30லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் ஒலியை, அல்லது பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அப்புறம் நீங்கள் தரையில் தவழ வேண்டும். ஆமாம், தவழத்தான் வேண்டும். சப்பை வைக்கச் சாத்தியமான ஒவ்வொரு இடத்திலும் காதைக் கோன் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். ஒலி அங்கிருந்து இங்கே வருவதும் இங்கிருந்து அங்கே போவதும் ஒன்றேதான் என்பதால், காதுக்கு எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்தால் சோஃபாவில் சீராகக் கேட்கும்.

வேளச்சேரியில் இதைச் செய்தபோது டிவி யூனிட்டின் இடது மூலையில் ஐம்பதுகளில் ஒரே முழக்கம். மற்ற சுரங்கள் அதற்குள் அமுங்கிப்போயின. செருப்பு அலமாரி பக்கம் போனால் முப்பதுகளில் ஒன்றுமே இல்லை. டிவி யூனிட்டுக்குப் பக்கத்தில், சுவரின் நடுவிலிருந்து ஒரு அடி தள்ளி, சுரம் சுரமாகக் கேட்டது. அவன் மனைவி வாசலில் நின்று, ‘அண்ணா, நீங்க ரெண்டு பேரும் என்னத்தத் தொலைச்சீங்க?’ என்றார். டிவி யூனிட்டில் கீழ்த்தட்டு ஒன்றைக் கழற்ற அவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. சம்மதித்தார், அந்த இடத்தில் பூந்தொட்டி வைக்கும் திட்டத்தைக் கைவிட்டு.

சோஃபாவையும் விடக் கூடாது. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நீளவாக்கு அலைகள் எல்லாவற்றுக்கும் உச்சத்தில் தலையை வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் 35 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து மூன்று நான்கு அடி முன்னால் வந்தால் நல்லது. நடைபாதை போய்விடும் என்றால் ஒன்றரை அடியாவது இழுங்கள். முட்டை அட்டையும் மெல்லிய நுரையும் ஒட்டி பேஸைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சிரித்துவிடுங்கள். 40 ஹெர்ட்ஸ் அலையின் கால்வாசியே இரண்டு மீட்டருக்கு மேல்.

ரிசீவரில் செய்யவேண்டியவை

சப்பின் பின்பக்கம் லோ பாஸ் குமிழை (எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டுவது என்று சொல்வது) ஆக அதிகமான ஹெர்ட்ஸுக்குத் திருப்பிவிடுங்கள், எல்எஃப்இ என்று தனி ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள். வெட்டும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேரும் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். சப்பின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ் பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஃபேஸ் 0.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் என்று வைத்து, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். பெரிய டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு ஸ்மால் என்று போட மனசு வராது. அது அளவைப் பற்றிய பேச்சில்லை, 80-க்குக் கீழே உள்ளதை சப்பிடம் ஒப்படை என்று சொல்வதுதான். சப் முறை எல்எஃப்இ மட்டும். எல்எஃப்இ+மெயின் வேண்டாம், ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து மோதும். எல்எஃப்இ-க்கான லோ பாஸ் 120.

80-க்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கஷ்டம், அதனால்தான் சப்பை நினைத்த இடத்தில் வைக்க முடிகிறது. சாட்டிலைட் ஸ்பீக்கர் 3 இஞ்ச் என்றால் கிராஸ்ஓவரை 120க்கோ 150க்கோ ஏற்ற வேண்டிவரும். ஆண் குரலின் அடிச்சுரம் 85லிருந்து 155 வரை இருப்பதால், வில்லனின் குரலில் ஒரு பகுதி சப்பிலிருந்து வரும். அப்போது சப் முன்னால்தான் இருந்தாக வேண்டும். ஆகவே சின்ன சாட்டிலைட் வைத்திருப்பவர், சப்புக்குச் செலவழிப்பதற்கு முன் அவற்றை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

பிறகு அறையைத் தானே அளந்து சரிசெய்யும் வசதி, ஆடிஸியோ ஒய்பிஏஓவோ டிராக்கோ, ரிசீவரில் எது இருக்கிறதோ அதன் மைக்கை ஸ்டாண்டில் வைத்து அளக்கவிடுங்கள். ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு. முடிந்ததும் சப் லெவல் மைனஸ் 12-ல் போய் முட்டி நின்றால் கெயின் அதிகம் என்று அர்த்தம். குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். சப் ஒன்பது அடியில் இருக்க, ரிசீவர் பதினான்கு என்று காட்டும். டேப்பை எடுத்து வந்து திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் தாமதிக்கிறது, அந்தத் தாமதத்தைத்தான் அது தூரமாகச் சொல்கிறது. கடைசியாக, 80 ஹெர்ட்ஸ் ஒலியை முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஒலிக்கவிட்டு, ஃபேஸை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி.

ஆர்வம் அதிகமானால் அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம், யுஎஸ்பி மைக் மட்டும் வாங்க வேண்டும். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பப் போகக் கூடாது. எவ்வளவு ஊற்றினாலும் அறை அதைக் கழித்துவிடும், ஆம்ப்தான் சூடாகும்.

சின்னச் சின்னத் தொல்லைகள்

சப்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓயாத முனகல் வந்தால் முதலில் டிடிஹெச் அல்லது கேபிள் வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். பல வீட்டில் அதோடு நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் அந்த வயரும் வீட்டு எர்த்தும் சேர்ந்து சுற்று போட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுப்பதும் உதவும். மூன்றாவது பின்னை வெட்டிவிடும் வைத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

தரை தினமும் ஈரத்துணியால் துடைக்கப்படும் வீடுகள் நம்முடையவை. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) பெட்டியின் அடி மழைக்காலத்தில் உப்பிவிடும். சமையலறை வேலையில் மிஞ்சிய கிரானைட் துண்டு இருந்தால் ரப்பர் கால்களுக்குக் கீழே அதைப் போடுங்கள். அதிர்வு தடுக்கும் பேட் விற்கிறார்களே என்றால், பெட்டியிலிருந்து தரைக்கு நேராக இறங்கும் அதிர்வை அது குறைக்கும். காற்று வழியாகத் தளத்தை ஆட்டும் பேஸை அது தடுக்காது. கீழ்வீட்டுப் பெரியவர் ‘தம்பி, நேத்து ராத்திரி எங்க பீரோ கதவு ஆடுச்சுப்பா’ என்றால், போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து ‘60 டெசிபல்தான் சார்’ என்று காட்டிப் பயனில்லை. அந்த ஆப்கள் பொதுவாக ஏ அளவுகோலில் காட்டும். அதில் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்தும், 31.5 ஹெர்ட்ஸை 39 டெசிபல் குறைத்தும்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். சி அளவுகோலுக்கு மாற்றினால் அவர் சொன்னது உண்மை என்று தெரியும். ராத்திரிக்குத் தனியாக சப் லெவலை 5, 6 டெசிபல் இறக்கி வைத்துக்கொள்வதுதான் நாகரிகம்.

உங்கள் வீட்டிலேயும் எதெல்லாம் ஆடுகிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து தேட வேண்டும். அதே ஸ்வீப்பை மெதுவாக ஓடவிட்டால், 42-ல் ஷோகேஸ் கண்ணாடி, 58-ல் ஃபால்ஸ் சீலிங்கின் லைட் வளையம், 65-ல் ஏசியின் மடல் என்று ஒவ்வொன்றாக வாய் திறக்கும். கண்ணாடிக்கு ஒரு துண்டு ரப்பர் பீடிங், வளையத்துக்குக் கொஞ்சம் டபுள் டேப். பலர் ‘சப் கிழிந்துவிட்டது’ என்று சர்வீஸுக்குக் கூப்பிடுவது இந்த ஷோகேஸ் கண்ணாடிக்காகத்தான்.

வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் லாஃப்ட்டில் ஏற்றிவிடுங்கள். சப்பில் முதலில் போவது ஆம்ப்தான். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பவேண்டி வந்தால், அந்த எடைப் பெட்டியை வேறு எதில் கட்டி அனுப்பினாலும் மூலை நசுங்கித்தான் திரும்பி வரும்.